என்ன மருந்து என்பதற்கு முன்னால்

யாராவது சுருண்ட இலையைப் படம் எடுத்து அனுப்பி, “அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கேட்பவர் மேல் இல்லை, அந்தக் கேள்வியின் மேல். இது என்ன பூச்சி என்று கேட்டிருக்கலாம். பூச்சியா நோயா என்றாவது கேட்டிருக்கலாம். இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக மருந்துக்கு வந்துவிடுகிறார்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டு என்று பதில் எழுதினால் பெரும்பாலும் மறுபடியும் படம் வராது. வந்தாலும் கை நடுங்கி எடுத்த மங்கல் படமாக இருக்கும். அதில் சிலந்திப்பேன் (செடியின் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி) இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

நண்பர் ஒருவரின் மிளகாய் வயலில்தான் இந்த எரிச்சல் ஒரு பிடிவாதமாகவே மாறியது. நுனிக் கொழுந்து சுருள ஆரம்பித்ததும் இலைப்பேன் என்று அவரே முடிவு கட்டி பைரித்ராய்டு என்னும் வகைப் பூச்சிக்கொல்லி ஒன்றை அடித்திருக்கிறார். அடங்கவில்லை. அடுத்து இமிடாகுளோபிரிட் என்னும் இன்னொரு பூச்சிக்கொல்லி. சுருட்டல் கூடியது. பிறகு இரண்டையும் கலந்து அடித்துப் பார்த்துவிட்டு, இது வைரஸ்தான், பிடுங்கிப் போட வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பிடுங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு படம். “மருந்து எதுவும் கேக்கல அண்ணே. வைரஸ்தானான்னு மட்டும் சொல்லுங்க.” படத்தைப் பார்த்துவிட்டு, எதையும் பிடுங்காதே, நான் வருகிறேன் என்றேன்.

மிளகாயில் இலை சுருள்வதற்குக் காரணம் ஒன்றிரண்டு அல்ல. இலைப்பேன் சுரண்டிச் சாறு உறிஞ்சினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடியும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸிலும் மேல்நோக்கித்தான் மடியும், கூடவே நரம்புகள் தடித்து, இலை சிறுத்து, செடி குட்டையாகிவிடும். மஞ்சள் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி அல்ல, ஒரு வகைச் சிலந்திப்பேன்; இனி சிலந்தி என்று சொல்வதெல்லாம் இந்த இனத்தைத்தான்) தாக்கினால் கதை தலைகீழ். ஓரங்கள் கீழ்நோக்கி வளையும், கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. இலைக்காம்பு அளவுக்கு மீறி நீளும். இலை தடித்து விறைத்துப் போய், தொட்டால் முறியும். அடிப்பக்கத்தில் வெண்கல நிறப் பளபளப்பு ஏறும். நண்பர் அனுப்பிய படத்தில் நான் பார்த்தது அந்த நீண்ட காம்புகளைத்தான். ஆனால் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. களைக்கொல்லி காற்றில் அடித்துக்கொண்டு வந்து பட்டாலும் கொழுந்து ஏறக்குறைய இதே மாதிரி கோணிக்கொள்ளும். போரான் சத்துக் குறைந்தாலும் நுனி இப்படிக் கெடும். போதாக்குறைக்கு இலைப்பேன், வெள்ளை ஈ, சிலந்தி மூன்றும் ஒரே செடியில் குடியிருப்பதும் நடக்கும்.

லென்ஸின் அடியில்

மஞ்சள் சிலந்தியைப் பத்து மடங்கு லென்ஸில் பிடிப்பது சிரமம். வளர்ந்த பெண் சிலந்தியே 0.2 மில்லிமீட்டர்தான், ஆண் அதைவிடச் சிறியது. இருபது மடங்கு இருந்தால் நல்லது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு இலையைத்தான் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், லென்ஸை இலைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதிர்ந்த இலையில் தேடிப் பயனில்லை. விரியாத கொழுந்தை மெதுவாகப் பிரித்து, நரம்போரப் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் பட்டவை முட்டைகள். நீள்வட்டமாக, தட்டையாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் முட்டையின் முதுகில் வரிசை வரிசையாக வெள்ளைக் குமிழ்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு எந்த முட்டையோடும் குழப்பிக்கொள்ள முடியாது. என்னைக் கேட்டால், இந்தச் சிலந்தியை அடையாளம் காண ஆளைத் தேடுவதைவிட முட்டையைத் தேடுவதே மேல். முட்டை ஓடாது.

பிறகு ஆளும் தெரிந்தது. ஓர் ஆண் சிலந்தி, அசையாமல் உறை நிலையில் இருக்கும் ஒரு பெண்ணைத் தன் பின்பக்கத்தில் குறுக்காகத் தூக்கி வைத்துக்கொண்டு கொழுந்தின் உள்பக்கம் நோக்கி நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் சிலந்தியில் இது வழக்கமான காட்சிதான். பெண் முழு வளர்ச்சி அடையும் முன்பே ஆண் அதைச் சுமந்துகொண்டு இளம் தளிருக்குப் போய்விடும். பெண் உறையிலிருந்து வெளிவந்ததும் அங்கேயே இணை சேர்ந்து, அங்கேயே முட்டையிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த சிலந்தியாக ஒரு வாரம்கூட ஆகாது. செடி விட்டுச் செடி தாண்ட இன்னொரு வழியும் உண்டு, வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு போவது. அசுவினி, இலைப்பேன் எல்லாம் பக்கத்திலேயே இருந்தாலும் இவை ஏறிக்கொள்வது பெரும்பாலும் வெள்ளை ஈயின் மேல்தான்.

லென்ஸை நண்பர் கையில் கொடுத்தேன். எங்கே, எங்கே என்று கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு பேச்சே இல்லை. இலை மாற்றி இலை, செடி மாற்றிச் செடி என்று குனிந்தபடியே வரிசையில் போய்க்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் கேட்ட கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. “அப்போ இத்தனை நாளா நான் யாருக்கு அண்ணே மருந்து அடிச்சேன்?”

யாருக்கு அடித்தார்

நேர்மையான பதில், இந்தச் சிலந்திகளைத் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு. பிற சிலந்திகளைப் பிடித்துத் தின்னும் இரைப்பிடிச் சிலந்திகள், சிறு பொறிவண்டுகள், இரைபிடிக்கும் இலைப்பேன்கள் என்று ஒரு கூட்டமே எந்த வயலிலும் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பைரித்ராய்டு அவற்றைச் சுத்தமாகத் துடைத்துவிடும். பயிர்ச் சிலந்திக்கோ அந்த மருந்தால் பெரிய கேடு இல்லை. சிலந்திப்பேன் பூச்சியே அல்ல, எட்டுக்காலிகளின் வகையறா. சிறகு கிடையாது, உணர்கொம்பு கிடையாது. முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், அடுத்த பருவத்தில் எட்டு. ஈரியோபைட் என்னும் புழு வடிவச் சிலந்திகளுக்கு மட்டும் கடைசிவரை நான்கே கால். பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்த பல மருந்துகள் இவற்றின் உடலில் அதே மாதிரி பிடிப்பதில்லை. அதுகூடப் பரவாயில்லை. இமிடாகுளோபிரிட் தெளித்த பயிர்களில் சிலந்திப்பேன் குறையாமல் கூடுவது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. எதிரிகள் செத்ததால் மட்டும் கூடுவதில்லை, சில சமயம் பெண் சிலந்தி இடும் முட்டைகளே அதிகமாகின்றன.

இது புதுக்கதையும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழத்தோட்டங்களில் டிடிடி தாராளமாகப் புழங்கியபோதுதான், அதுவரை யாரும் பொருட்படுத்தாத செஞ்சிலந்திகள் பெரும் தலைவலியாகக் கிளம்பின. இதில் ஒரு வேடிக்கை, அப்படிக் கிளம்பிய சிலந்திகளை அடக்க வந்த டைகோபால் என்னும் சிலந்திக்கொல்லி டிடிடியை மூலப்பொருளாக வைத்தே தயாரிக்கப்பட்டது. 2019-ல் அது, எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது. எரிகிற வீட்டை அணைக்க எரித்தவனையே கூப்பிட்ட கதை.

சரி, சிலந்தி என்று தெரிந்துவிட்டது, சிலந்திக்கொல்லி ஒன்றை அடித்தால் முடிந்தது என்று நண்பர் நினைத்தார். அங்கேயும் நான் கையைப் பிடித்தேன். சிலந்திக்கொல்லி எல்லாம் எல்லாச் சிலந்திக்கும் கேட்காது. இரட்டைப்புள்ளிச் சிலந்தி என்னும் இன்னொரு வகையிடம் நன்றாக வேலை செய்யும் பைஃபெனசேட் என்னும் சிலந்திக்கொல்லி மஞ்சள் சிலந்தியிடம் எடுபடாது. ஹெக்ஸிதியாசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும் கொல்லும், வளர்ந்த சிலந்தியைக் கொல்லாது, ஆனால் மருந்து பட்ட பெண் இடும் முட்டை பொரிக்காது. இது தெரியாதவர் மறுநாள் காலை லென்ஸில் பார்த்துவிட்டு “எல்லாம் உயிரோடதான் ஓடுது” என்று உடனே வேறொன்றை அடிப்பார். நனையும் கந்தகம் பழைய சரக்கு என்று பலருக்கு அலட்சியம். மஞ்சள் சிலந்திக்கு அது இன்றும் நன்றாகவே கேட்கிறது. ஆனால் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும், எண்ணெய் தெளித்த செடியில் கொஞ்ச நாளுக்குள் அடித்தாலும் கருகும். இரைப்பிடிச் சிலந்திகளுக்கும் கந்தகம் நல்லதல்ல, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எந்த மருந்தானாலும் இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் வீண். நின்றபடி மேலிருந்து தூவிக்கொண்டு போவதில் பாதி மருந்து சிலந்தியைப் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, மஞ்சள் சிலந்தி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்குக் கோணல் கொழுந்துதான் வரும். அதன் எச்சிலில் இருக்கும் நஞ்சு, விரியாத இலைகளைக் கருவிலேயே கெடுத்துவைத்திருக்கும். புதுக் கொழுந்தில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இலை நேராகிவிட்டதா என்று பார்க்காதீர்கள். நண்பருக்கு இதை ஏற்க வைக்கத்தான் அதிகப் பாடுபட்டேன். சுருண்ட இலையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எந்த விவசாயிக்கும் லேசான காரியம் இல்லை.

மேய்ச்சல் நிலம் சொல்லும் சாட்சி

இவ்வளவு சொல்லியும் அவர் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. “பெரிய பரப்புல பண்றவங்க எல்லாம் இப்படி லென்ஸ் வெச்சுக்கிட்டு உக்காந்துக்கிட்டா இருப்பாங்க?” பதில் தேடியபோது எனக்குக் கிடைத்தது ஆஸ்திரேலியாவின் தென்பகுதி மேய்ச்சல் நிலங்களின் அனுபவம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆடு மேய்ப்பவர்கள் ஒரு மில்லிமீட்டர் உயிரியைப் பெயர் சொல்லிப் பிரித்தே ஆக வேண்டிய நிலைக்கு வந்த கதை அது.

அங்கே முக்கிய வில்லன் சிவப்புக்கால் நிலச் சிலந்தி. சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. மேற்கு ஆஸ்திரேலியாவின் பன்பரியில் 1917-ல் முதலில் கண்டார்கள். வெல்வெட் மாதிரிக் கறுத்த உடல், ஆரஞ்சுச் சிவப்பில் எட்டுக் கால். இலையுதிர் காலத்தில் மழை பெய்து நிலம் குளிர்ந்ததும் முட்டை பொரித்து, குளிர்காலம் முழுக்க மேயும். குளோவர், குதிரைமசால் போன்ற தீவனப் பயிர்கள், கனோலா என்னும் எண்ணெய் வித்துப் பயிர் எல்லாம் இரண்டிலை நாற்றாக இருக்கும்போது கூட்டமாக வந்து விழும். தின்ற இலை வெள்ளி பூசினாற்போல வெளுக்கும், பனியில் கருகியது என்று ஏமாந்துபோவோர் உண்டு. கோடை வந்ததும் நிலத்தின் மேல் ஒன்றையும் காண முடியாது. கடைசித் தலைமுறைப் பெண்கள் தங்கள் உடலுக்குள்ளேயே தடித்த ஓடுள்ள உறக்க முட்டைகளை வைத்துக்கொண்டு செத்துப்போகும். காய்ந்த அந்தச் சடலமே கோடைக்கு முட்டைகளின் காப்புறை.

இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டு சிஎஸ்ஐஆர்ஓ என்னும் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அருமையான ஒரு வேலை செய்தார்கள். பெண் சிலந்தி உறக்க முட்டைக்கு மாறும் காலம் பகல்பொழுதின் நீளத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் கணிக்கத் தக்கது. மாறுவதற்குச் சற்று முன், வசந்தத்தில் ஒரே ஒரு முறை சரியாக அடித்தால் அடுத்த ஆண்டு பொரிக்க முட்டை மிகக் குறைவாகவே இருக்கும். டைம்ரைட் என்று பெயர் வைத்து ஒவ்வொரு பண்ணைக்கும் தேதியையே குறித்துக் கொடுத்தார்கள். பூச்சி மேலாண்மையில் இவ்வளவு நேர்த்தியான யோசனை அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அதே நிலத்தில் நீல ஓட்ஸ் சிலந்தி என்று இன்னொன்று உண்டு. அதுவும் கறுப்பு, அதற்கும் சிவந்த கால், அளவும் ஒன்றே. நின்றுகொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மண்டியிட்டுப் பார்த்தால் நீல ஓட்ஸ் சிலந்தியின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும், சிவப்புக்காலுக்கு அது கிடையாது. இந்த ஒரு பொட்டுதான் தேதியைத் தீர்மானிக்கிறது. ஏனென்றால் நீல ஓட்ஸ் சிலந்தி தன் கோடை முட்டைகளில் பெரும்பகுதியை முந்தைய தலைமுறைகளிலேயே இட்டு முடித்துவிடும். டைம்ரைட் தேதியில் போய் அடித்தால், பந்தி முடிந்த பிறகு இலை போட்ட மாதிரிதான். அதே வயலில் பலாஸ்டியம் என்னும், உடலெங்கும் குட்டை மயிர் அடர்ந்த, இரண்டு மில்லிமீட்டர் வரை வளரும் செம்பழுப்புச் சிலந்தியும் இருக்கலாம். முன்னங்கால் இரண்டும் உடலைவிட நீண்டிருக்கும் தட்டையான பிரையோபியாவும் இருக்கலாம். இவை இரண்டும் சிவப்புக்காலுக்குப் போதுமான அளவு மருந்தைத் தாங்கிக்கொள்ளும் இயல்புள்ளவை. அடித்தும் சாகவில்லை என்றால் மருந்து கெட்டதா, எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா, ஆளே வேறா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. பெயர் தெரியாமல் முதல் படியே ஏற முடியாது.

எதிர்ப்புத்திறன் வெறும் பயமுறுத்தலும் இல்லை. பைரித்ராய்டை எதிர்க்கும் சிவப்புக்கால் சிலந்தி 2006-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்டது. 2014-ல் அங்கேயே ஆர்கனோபாஸ்பேட் என்னும் இன்னொரு மருந்து வகைக்கும் எதிர்ப்பு தெரிந்தது. பின்னர் பிற மாநிலங்களும் கவலைப்பட வேண்டியதாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஆண்டுதோறும் களைக்கொல்லியோடு சேர்த்து ஒரு மடக்கு பூச்சிமருந்தையும் ஊற்றி அடித்த பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நம் வயல்களில் பார்க்கும் இரட்டைப்புள்ளிச் சிலந்தியோ இந்தக் கலையில் உலக சாம்பியன், 90-க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு அது எதிர்ப்புக் காட்டியிருக்கிறது. இணை சேராத பெண்கூட முட்டையிடும், அவை ஆணாகப் பொரிக்கும். ஆண்களிடம் ஒவ்வொரு மரபணுவும் ஒற்றைப் பிரதிதான் இருக்கும் என்பதால், மருந்தைத் தாங்கும் மாற்றம் ஒன்று வந்தால் ஒளிந்திருக்க இடமில்லாமல் உடனே வெளிப்பட்டு, தாங்கியவை மட்டும் மிஞ்சிப் பெருகும்.

மேய்ச்சல்காரர்கள் மருந்தை மட்டும் நம்பியும் இல்லை. வசந்தத்தில் ஆடுகளை விட்டுப் புல்லை எக்டேருக்கு இரண்டு டன்னுக்குக் கீழே மேயவிட்டால் சிலந்தியின் ஈரமும் நிழலும் போய்விடும், மருந்து அடித்ததற்குச் சமமாகக் குறையும். 1965-ல் பிரான்சிலிருந்து அனிஸ்டிஸ் என்னும் இரைப்பிடிச் சிலந்தியைக் கொண்டுவந்து விட்டார்கள். நன்றாகத் தின்கிறது, பரவத்தான் ரொம்ப மெத்தனம். ஆட்டு மந்தையே சிலந்தி மருந்தாகும் யோசனையைக் கேட்டு நண்பர் சிரித்தார். அதைவிட அந்தச் சிவப்புப் பொட்டுக் கதைதான் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பார்ப்பதற்கும் ஓர் எல்லை

இதையெல்லாம் எழுதிவிட்டு, எப்போதும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு. முளைத்து வரும் கனோலாவில் சிவப்புக்கால் கூட்டம் இறங்கிவிட்டால் யோசிக்க ஒரு வாரம் எல்லாம் கிடையாது, மண்ணுக்கு மேல் தலை காட்டும் முன்பே நாற்று போய்விடும். அங்கே போன பருவத்திலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும், விதை நேர்த்தி செய்திருக்க வேண்டும். வளர்ந்த புல்வெளியில் அதே எண்ணிக்கை பெரிய சேதம் இல்லை. பயிரின் வயதைச் சொல்லாமல் “இலைக்கு இத்தனை சிலந்தி வந்தால் அடி” என்று ஒற்றை எண்ணைக் கொடுப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

பார்த்தும் ஏமாற இடம் உண்டு. நூலாம்படை கட்டிய இலையில் சிவப்பாக ஒன்று விறுவிறுவென ஓடினால் பலர் அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். பைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்னும் இரைப்பிடிச் சிலந்தி அப்படித்தான் இருக்கும், பேரிக்காய் வடிவில், பளபளக்கும் செம்மஞ்சளில், நீண்ட காலோடு. இரட்டைப்புள்ளிச் சிலந்தி மந்தமாக நகரும், வெளிர் உடம்பின் இருபுறமும் உள்ளிருக்கும் தீனி கரும்புள்ளியாகத் தெரியும். ஆனால் குளிர் வரும்போது அதுவும் உறக்க நிலைக்குப் போய் ஆரஞ்சு நிறம் கொள்ளும், அப்போது நிறத்தை நம்பினால் மோசம்தான். முட்டையைப் பாருங்கள். பயிர்ச் சிலந்தியின் முட்டை உருண்டை, இரைப்பிடிச் சிலந்தியின் முட்டை நீள்வட்டம், அளவும் பெரியது.

நண்பரின் வயலில் இப்போது ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எந்த மருந்து அடித்தாலும் ஒரு வரிசையை அடிக்காமல் விட வேண்டும். மருந்து வேலை செய்ததா, வெயில் தணிந்து சிலந்தி தானாகக் குறைந்ததா என்பதை அந்த வரிசை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. முதலில் முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். எங்கே விடுவது என்பதில்தான் இன்னும் எங்களுக்குள் இழுபறி. வரப்போர வரிசையை விடலாம் என்கிறார், எப்படியும் புழுதி படிந்து விளைச்சல் குறையும் வரிசை. சிலந்தி முதலில் ஏறுவதே புழுதி படிந்த அந்த ஓரத்தில்தான், அதை வைத்து ஒப்பிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும், நடு வயலில் விடு என்கிறேன் நான். “நடுவுல விட்டா பரவாதா?” என்கிறார். பரவலாம், அதனால்தான் வாரத்துக்கு இரண்டு தடவை லென்ஸோடு போய்ப் பார்க்கச் சொல்கிறேன். இந்தப் பருவத்துக்கு வரப்பிலிருந்து ஐந்தாவது வரிசை என்று பேசி முடித்திருக்கிறோம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, அவருக்கும் இல்லை.